நாலு மணி ரிங்

ஐந்தாவது நாளும் அப்பா போனை வெட்டிவிட்டார்.

“என்னவாம் கா?” என்று கேட்டாள் சஹ்லா.

“வெட்டிட்டார். ஒரு ரிங்தான் போச்சு.”

விதுர்ஷாவின் மூக்கு சிவந்திருந்தது. நேபாளத்துக் குளிர் பாதி, கோபம் பாதி.

இரண்டு பேரும் மட்டக்களப்பில் ஒரே ஆஸ்பத்திரியில் தாதிமார். விதுர்ஷா ஆரையம்பதி, சஹ்லா பக்கத்துக் காத்தான்குடி. இரண்டு ஊரிலும் ஏறி இறங்க ஒரு மேடு கிடையாது. அப்படிப்பட்டவர்கள் லீவு போட்டுவிட்டு இமயமலையில் நாலாயிரம் மீற்றர் ஏறப் போகிறோம் என்றால் ஊர் சிரிக்காமல் என்ன செய்யும்? சிரித்தது. விதுர்ஷாவின் அப்பா, ஆற்றில் மீன் பிடிக்கும் நல்லரத்தினம் மட்டும் சிரிக்கவில்லை.

“ஆறு கிடக்கு, கடல் கிடக்கு. மலையில போய் என்னத்தக் காணப்போறாய்?” என்று ஒரு தடவை கேட்டார். பிறகு வாயைத் திறக்கவே இல்லை. புறப்பட்ட அன்று பஸ் நிலையத்துக்கும் வரவில்லை. அம்மா இறந்து மூன்று வருஷமாகிற வீட்டில் விதுர்ஷாவுக்கென்று இருந்தவர் அந்த ஒருவர்தான். அவரும் முகத்தைத் திருப்பிக்கொண்டால் அவள் யாரிடம் போவாள்?

அவர் கையில் இருப்பது பட்டன் போன். வட்ஸ்அப் கிடையாது. ஆகவே அவள் ரோமிங் போட்டுக்கொண்டு வந்திருந்தாள்.

இந்த மலையில் சோறு கிடைப்பது லேசு, சார்ஜ் கிடைப்பதுதான் பெரும் பாடு. விடுதிக் கூரையில் சோலார் தகடு இருந்தது. வெயில்தான் இல்லை. குளிருக்கு பற்றரி தானாகவே இறங்கிவிடும் என்று வழிகாட்டி சொல்லியிருந்ததால், பவர் பேங்கைக் கம்பளித் தொப்பியில் சுற்றி, கைக்குழந்தையைப்போல அணைத்துக்கொண்டு படுத்தார்கள். அப்படியும் நேற்று, சஹ்லாவின் போனை நிரப்பியதோடு அது செத்துப்போனது.

விதுர்ஷா ஒரு படம்கூட எடுக்கவில்லை. நாள் முழுக்கப் போனை நிறுத்தி வைத்து, பின்னேரம் நாலு மணிக்கு மட்டும் அப்பாவுக்காகத் திறந்தாள். சஹ்லாவோ பனியைப் படம் பிடித்தாள், கோவேறு கழுதையைப் பிடித்தாள், தேத்தண்ணீர்க் கோப்பையையும் பிடித்தாள். சிக்னல் கிடைத்த இடத்திலெல்லாம் ஸ்டேட்டஸ் போட்டாள்.

“மனிசன் போனைக் கையிலேயே வச்சிட்டிரிக்கார் போல கா, வெட்டுறதுக்கெண்டே!” என்றாள் அவள். “ஒரு ரிங் முழுசாப் போக விடுறாரில்லையே. நானெண்டா திரும்ப எடுக்கவே மாட்டன்.”

“நானும் இனி எடுக்கமாட்டன். அவருக்கு மகள் வேணாமெண்டா எனக்கும்...”

அவளால் முடிக்க முடியவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்க்கையில் போனும் அணைந்து கிடந்தது.

சஹ்லாவுக்குப் பொறுக்கவில்லை. “இந்தா, என்ட போன்ல எடு. தெரியாத நம்பரெண்டா தூக்குவார். தூக்கினா நல்லாக் குடு! ஸ்பீக்கரைப் போடு, நானும் கேக்கணும்.”

விதுர்ஷா எடுத்தாள். ஒரு ரிங் முடியவில்லை, அதற்குள் அங்கே தூக்கியாயிற்று.

“ஹலோ! ஆரு? என்ட புள்ளைக்கு என்ன?”

அப்பா ஏறக்குறையக் கத்தினார். கொடுக்க வைத்திருந்த ஏச்செல்லாம் விதுர்ஷாவுக்கு மறந்துபோனது.

“நான்தான்ப்பா.”

“மகள்! விழுந்து கிழுந்திட்டியா? ஏன் வேற நம்பர்?”

“ஒண்டுமில்லப்பா. நல்லா இரிக்கன். நீங்க ஏன் ஒவ்வொரு நாளும் என்ட போனை வெட்டுறீங்க?”

“வெட்டாம?” அப்பாவுக்கு மெய்யாகவே விளங்கவில்லை. “அங்க கறண்ட் இல்ல, சார்ஜ் போட ஏலாது எண்டு நீதானே சஹ்லாப் புள்ளையோட கதைச்சிட்டிருந்தாய்? நான் தூக்கினா உன்ட சார்ஜ் இறங்கிரும். ஒரு ரிங் வந்தா புள்ள சுகமா இரிக்கா எண்டு எனக்குக் காணும். அம்மா இரிக்கக்குள்ள, தோணி கரைக்குக் கிட்ட வந்தா அவக்கும் நான் அப்படித்தானே ஒரு ரிங் குடுக்கிற. அது வந்தாத்தான் அவ சோத்துக்கு உலை வைப்பா.”

விதுர்ஷாவுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. “என்னோட கோவமில்லையாப்பா?”

“என்ன கோவம்? பயத்துல வாய் வரல்ல. அஞ்சு நாளா வலைக்கும் போகல்ல. நாலு மணிக்கு ஆத்துக்குள்ள நிண்டு சிக்னல் இல்லாமப் போனா என்ன செய்யிற? இது ஆர்ட போன்?”

“சஹ்லாட போன்ப்பா.”

“அட கடவுளே! மத்த வீட்டுப் புள்ளைட சார்ஜையா கரைக்கிறாய்? அதுட உம்மாவும் இப்ப போனைக் கையில வச்சிட்டுத்தானே இரிப்பா! வை மகள், வை!”

வெட்டிவிட்டார்.

விதுர்ஷா சிரித்தபடி போனை நீட்டினாள். சஹ்லா சிரிக்கவில்லை. வாங்கிய கையோடு ஒரு நம்பரை அழுத்திக் காதில் வைத்தாள்.

“உம்மாக்கு எடுத்து மூணு நாளாச்சு கா.”