பூனைமுடி

வீட்டில் புழுவெட்டு என்றார்கள். சின்ன வெங்காயம் தேய்த்துத் தேய்த்து வசுமதியின் தலை எரிந்ததே தவிர, உச்சியில் விழுந்த வட்டம் அகன்றுகொண்டேதான் போனது. "புழுவும் இல்ல பூச்சியும் இல்லம்மா. உங்க உடம்பே உங்க முடியை யாரோன்னு நினைச்சுத் துரத்துது," என்றார் தோல் டாக்டர். மாதம் ஒருமுறை அந்த வட்டத்தில் ஊசி போட்டார். இந்த முறை லென்ஸை வைத்துப் பார்த்ததும் அவருக்குச் சிரிப்பு வந்தது. "பூனைமுடி வந்தாச்சு! இன்னும் ரெண்டு ஊசி, கெட்டிப்பட்டுடும்."

வசுமதிக்குத் தெரியும். கொஞ்ச நாளாகவே கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருக்கிறாள். செம்பட்டையாய், சுருள் சுருளாய். தொட்ட விரலை மோந்தால் பால் வாசனை. அப்படிப்பட்ட முடியை அவள் ஒரே ஒரு தலையில்தான் பார்த்திருக்கிறாள், குலதெய்வத்துக்கு முடியிறக்க நாள் குறித்திருந்த வாரத்தில் போய்விட்ட மகளின் தலையில்.

டாக்டர் பஞ்சால் துடைத்தார். விரல் சட்டென்று நின்றது. வட்டத்தின் நடுவே தோல் மெல்ல எழும்பித் தாழ்ந்துகொண்டிருந்தது, பச்சைக் குழந்தையின் உச்சிக்குழியைப் போல.

"சிஸ்டர், இதைக் கொஞ்சம் தொட்டுப் பாருங்க," என்றார் அவர்.

வசுமதி இரண்டு கைகளாலும் உச்சியைப் பொத்திக்கொண்டாள்.

"சத்தம் போடாதீங்க டாக்டர். இப்பத்தான் கண்ணசந்தா."