மூடாத பொனட்

புளத்கொகுபிட்டியவில் பலசரக்குக்கடை வைத்திருக்கும் கபூர், வீட்டு முற்றத்தில் நின்று காரின் நாலு பிளக்கையும் தானே புதிதாக மாற்றினார். ஸ்டார்ட் செய்ததும் என்ஜின் குலுங்கிக் குலுங்கி ஓடியது. ஓடவிட்டபடியே இறங்கிப்போய், பிளக்குகளுக்கு மேலுள்ள வயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றி மாட்டிப் பார்த்தார். மூன்றாவதைக் கழற்றியபோது மட்டும் சத்தம் மாறவில்லை. கோளாறு அதில்தான். அதை நன்றாக இறுகும்வரை அழுத்தி மாட்டினார்.

தூக்கி நிறுத்திய பொனட் முன்கண்ணாடியை முழுதாக மறைத்திருந்தது.

"இப்ப கொஞ்சம் அமத்துங்க, றிப்னா," என்றார்.

பதினெட்டு வருசப் பழக்கம். இவர் என்ஜினுக்குள் குனிந்துகொண்டு சொல்ல, மனைவி உள்ளே உட்கார்ந்து எக்ஸலேட்டரை மிதிப்பாள். எப்போதும் பலமாகத்தான் மிதிப்பாள். அவளை அடக்கம் செய்து மூன்று மாதமாகிறது என்பது, சொல்லி முடித்த பிறகுதான் கபூருக்கு நினைவு வந்தது.

என்ஜின் உறுமி எழுந்தது. ஒரு குலுக்கலும் இல்லை.

"மெல்ல, மெல்ல," என்றார்.

சத்தம் தணிந்தது.

இனி பொனட்டை மூட வேண்டியதுதான் பாக்கி. பின்னேரம் அஸருக்குப் பாங்கு சொன்னார்கள். பொழுதுபட்டதும் மஃரிபுக்கும் சொன்னார்கள். பெற்றோல் தீர்ந்து என்ஜின் தானாக நிற்கும்வரை கபூர் அதை மூடவில்லை.