நடைக்காரியின் பால்

உண்ணிகள் பரப்பும் குரங்குக் காய்ச்சலில் மூத்த மகளைப் பறிகொடுத்த மாதமே புஷ்பலீலா உண்ணி ஒழிப்புத் துறையில் நடைக்காரியாகச் சேர்ந்தாள். அரசு போடும் ஊசியைப் போட்டுக்கொண்டு, தினமும் நான்கு மணி நேரம் கூடலூர்க் காட்டோரப் புல்லில் வெறுங்காலோடு நடக்க வேண்டும். அவள் ரத்தத்தைக் குடிக்கும் உண்ணிகள் செத்துவிடும். ஆறு வருடங்களில் அந்தப் பக்கம் காய்ச்சலே இல்லாமல் போயிற்று.

பிறகு அவளுக்கு எட்டாம் மாதத்திலேயே குறைப்பிரசவத்தில் ஆண் குழந்தை பிறந்தது. எந்தப் பால் பவுடரைக் கொடுத்தாலும் கக்கியது.

"தாய்ப்பால் கொடுத்தாதான் பொழைக்கும்," என்றார் டாக்டர் மெஹருன்னிசா. "ஆனா உங்க பால் வேணாம்மா. அதுலயும் அந்த ஊசி மருந்து இருக்கு. பிள்ளை தாங்காது."

"வேலைய விட்டுர்றேன் டாக்டர்."

"விட்டாலும் மூணு வருஷம் உடம்புல நிக்கும்மா."

அவள் கணவன் யோகராசா தேயிலைத் தோட்ட லயத்தில் வீடு வீடாகப் போய்க் கேட்டான். பால் கொடுக்கும் பெண்கள் நான்கு பேர் இருந்தார்கள். நான்கு பேரும் நடைக்காரிகள். வெளியூரில் ஆள் தேடி அவன் பஸ் ஏறிய அன்றே குழந்தை போய்விட்டது.

விடுப்பு முடிந்து அவள் புல்லில் இறங்கியபோதும் பால் சுரந்து ரவிக்கை நனைந்திருந்தது. கணுக்காலில் உண்ணிகள் ஏறின. அவள் அப்படியே உட்கார்ந்து, அவை ரத்தம் குடிக்குமுன் ஒவ்வொன்றாகப் பிய்த்து, உயிரோடு புல்லில் விட்டாள்.

"எம் உடம்புல எம் புள்ளைக்கு இல்லாதது உங்களுக்கு மட்டும் எதுக்கு?" என்றாள் அவற்றிடம்.

மேற்பார்வையாளர் விசில் ஊதினார். அவள் எழுந்திருக்கவில்லை.