நாலாவது கல்

மூன்று கல் வெட்டிப் பார்த்தாயிற்று. மூன்றும் உட்காரவில்லை.

எங்கள் ஊரான கார்னியின் சூரியக் கோயில் முந்நூறு வருஷத்துக்கு முன் பூகம்பத்தில் சரிந்தது. சிதறிய கற்களைப் பொறுக்கி மறுபடி அடுக்குகிறோம். கூரை விளிம்பின் சிங்கமுக வரிசையில் ஒரு கல் மட்டும் இல்லை. அதற்குப் புதுக் கல் வெட்டுவது மேஸ்திரியான என் வேலை.

இடைவெளியை அளந்தால் போதாதா என்றால், போதாது. இருபக்கக் கற்களும் விழுந்தபோது முனை உடைந்தவை. அளக்கும் இடத்துக்கு இடம் ஒரு விரல் கூடும், குறையும்.

அதோடு குழிகள். ஒவ்வொரு கல்லின் மேலேயும் இரு முனையிலும் பாதிக் குழி. பக்கத்துக் கல்லின் பாதியோடு சேர்ந்தால்தான் முழுக்குழி. அதில் இரும்புப் பட்டை வைத்து ஈயத்தை உருக்கி ஊற்றினால் இரண்டு கல்லும் கைகோத்துக்கொள்ளும்.

நாலாவது கல் கிரேனில் தொங்கியது.

"இதுவும் உட்காரலேன்னா திங்கக்கிழமை ஊரையே சல்லடை போட்டுத் தேடப்போறேன், கெகாம் மேஸ்திரி" என்றார் அருஸ்யாக் இன்ஜினியரம்மா. "சுவரு, தொழுவம், இடுகாடு, எதையும் விடமாட்டேன். பழைய கல்லு உங்க ஊர்லதான் எங்கேயோ இருக்கு."

நான் கிரேன்காரனுக்கு இறக்கச் சொல்லிக் கை காட்டினேன்.

அவர் என் இரும்பு அளவுகோலை எடுத்து நகத்தால் சுரண்டினார்.

"என்ன மேஸ்திரி, மெழுகு! கல்லு உட்காரணும்னு சர்ச்சுக்குப் போய் வேண்டிக்கிட்டீங்களா?"

கிரேன்காரன் சிரித்தான். நான் கல்லையே பார்த்தேன்.

ஒரு சாண். நாலு விரல். ஒரு விரல்.

உட்கார்ந்தது.

இரு பக்கமும் குழியோடு குழி சேர்ந்தது. அவர் இடுக்கில் ஒரு காகிதத்தை நுழைத்துப் பார்த்தார். போகவில்லை.

"இந்தத் தடவை நீங்க மேலே ஏறவே இல்லையே. அளவு எங்கேருந்து எடுத்தீங்க?"

"கணக்குப் போட்டேன்மா."

திங்கட்கிழமைத் தேடல் இனி இல்லை.

ஏழு வருஷத்துக்கு முன் இந்தக் கற்கள் யாருக்கும் வேண்டாமல் புல்லில் கிடந்தன. என் மகள் நாஸிக்குக்கு இருட்டென்றால் பயம். அதனால் சிங்கமுகம் செதுக்கிய கல்லாகப் பார்த்து எடுத்துப்போய் இடுகாட்டில் அவள்மேல் வைத்தேன்.

அதைத்தான் அளந்தேன். நீளம், முனைச் சாய்வு, இரண்டு பாதிக் குழிகள். இடப்பக்கக் குழியில்தான் நாங்கள் மெழுகுவத்தி ஏற்றுவோம். ஆழம் பார்க்க அந்த மெழுகை மட்டும் சுரண்ட வேண்டியிருந்தது.