கலங்கல்

குளத்துக் கரையின் வெளிச்சரிவில் நண்டுவளை போன்ற ஒரு துளையிலிருந்து தண்ணீர் கசிகிறது. கரைக்கு அந்தப் பக்கம் குளம் விளிம்பு வரை நிற்கிறது. இந்தப் பக்கம் அறுக்காத நெல், அதையொட்டித் தாஜ் முகம்மதுவின் வீடு. அவர் கசிவைக் கண்ணாடித் தம்ளரில் பிடித்து வெளிச்சத்துக்குத் தூக்குகிறார். தெளிந்து வந்தால் வெறும் ஊற்று. கலங்கி வந்தால் கரை உள்ளுக்குள் கரைகிறது. "தெளிஞ்சுதான் இருக்கு" என்கிறார். "உங்க கண்ணுக்கு எதுதான் கலங்கலாத் தெரியுது? இங்கன தாங்க" என்று மனைவி சபீதா வாங்கி, தம்ளரின் வெளிப்புறத்தை முந்தானையால் துடைக்கிறாள். மறுபடியும் துடைக்கிறாள். அடியில் செம்மண் பைய இறங்குகிறது. "மண்ணு உள்ளதாங்க இருக்கு." அவர் துளையை உள்ளங்கையால் பொத்துகிறார். "நான் பிடிச்சிக்கிடுதேன். நீ பிள்ளைகளோட ரோட்டுக்கு ஏறு." அவர் விரலிடுக்கில் வழிவது இப்போது தேநீர் நிறத்தில் இருக்கிறது.