ரோசாம்மா சொன்ன ஜப்பான்

ரோசாவிடம் யோசனை கேட்கப் போன பையன் எவனும் ஜப்பானுக்குக் கப்பல் ஏறியதில்லை என்று புதுச்சேரியில் ஒரு பேச்சு இருந்தது.

அதுவரைக்கும் அந்தப் பேச்சில் பொய் இல்லை. 1935-ம் வருஷம் மட்டும் மூன்று பேர் போனார்கள். மூன்று பேரும் ஆசையைக் கழற்றி வைத்துவிட்டுத் திரும்பி வந்தார்கள்.

ரோசா ஒரு பிரெஞ்சுப் பட்டு வியாபாரி வீட்டில் குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஜப்பானில் கோபே நகரத்துக்குப் போய், ஏழு வருஷம் இருந்துவிட்டு வந்தவள். இப்போது முதலியார்பேட்டையில் தையல் மெஷின்தான் பிழைப்பு. ஜப்பானைக் கண்ணால் பார்த்தவர் என்று பையன்களுக்குத் தெரிந்து வேறு ஆள் இல்லை.

கோபேயில் கடை வைத்திருந்த ஒரு இந்திய ஜவுளி வியாபாரி, பிரெஞ்சுக்காரர் ஆண்ட சைகோனுக்குப் பிரெஞ்சில் கடிதம் எழுத ஒரு குமாஸ்தா வேண்டும் என்று புதுச்சேரிக்கு எழுதிக் கேட்டிருந்தார். பிரவே என்கிற பிரெஞ்சுப் பள்ளிப் பரீட்சை தேறிவிட்டு வேலை இல்லாமல் இருந்த பையன்களுக்கெல்லாம் அதே நினைப்பு.

அந்த மூன்று பேரில் முதலில் போனவன் தனிஸ்லாஸ். போன வேகத்தில் வெளியே வந்தான். அந்தம்மா பேசுவதைக் கேட்டால் ஜப்பானில் மனுஷன் உயிரோடு இருக்கவே முடியாது என்று எல்லாரிடமும் சொன்னான்.

"தான் மட்டும் போய் அனுபவிச்சுட்டு வந்துட்டா. அடுத்தவன் போனா வயிறு எரியுது" என்று ஊர் தீர்ப்பு எழுதிவிட்டது.

அந்த மூன்று பேருக்குப் பிறகும் வைத்திக்குப்பம் இருசப்பன் போனான். மீன்பிடிக்கிற குடும்பத்தில் பிரவே தேறிய முதல் பையன். அப்பா இல்லை. அம்மா சின்னப்பொண்ணு தலையில் கூடை சுமந்து மீன் விற்றுப் படிக்க வைத்தவள்.

ரோசா மெஷினை நிறுத்தவில்லை. தைத்துக்கொண்டே சொன்னாள். குளிர்காலத்தில் குடத்துத் தண்ணீர் கல்லாகிவிடும். விரல் வீங்கி வெடிக்கும், அந்த விரலால்தான் பேனா பிடிக்க வேண்டும். பூமி ஆடும். காய்ச்சலில் படுத்தால் கஞ்சி வைத்துத் தர நாதி இருக்காது. ஊர்க் கடிதம் வந்து சேர ஒன்றரை மாசம். அதற்குள் இங்கே யாராவது கண்ணை மூடியிருந்தாலும் தெரியாது.

"ஆறு மாசம் அழுவ, தம்பி. நான் அழுதேன்."

இருசப்பன் எழுந்து போகவில்லை. அப்படின்னா நான் என்னென்ன கத்துக்கிட்டுப் போகணும் என்று கேட்டான்.

மெஷின் நின்றது. அதற்கு முன் வந்தவர்கள் யாரும் அதைக் கேட்டதில்லை போலிருக்கிறது.

சோறு வடிக்கத் தெரியுமா, பொத்தான் தைக்கத் தெரியுமா என்று விசாரித்தாள். இரண்டும் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்ததும் வரச் சொன்னாள். ஆறு வாரம் போனான். சோறும் பொத்தானும் போக, ஜப்பான் பாஷையில் நூறு வரைக்கும் எண்ணவும், மண்டி போட்டு ஒரு மணி நேரம் உட்காரவும், பெரியவர்களைக் கண்டால் இடுப்பு வளைந்து குனியவும் பழகிக்கொண்டான். உத்தியோகத்துக்கென்று அவள் சொன்னது ஒன்றுதான்.

"தெரியாததத் தெரியும்னு சொல்லிடாத. இங்க யாரும் நம்ப மாட்டாங்க, பரவால்ல. அங்க நம்பிடுவாங்க."

ஒருநாள் பொறுக்காமல் கேட்டேவிட்டான், தனிஸ்லாஸை ஏன் அப்படி பயமுறுத்தினீர்கள் என்று. பயப்படுகிறவன் இங்கேயே பயந்துவிட்டால் நல்லது, நாலு எட்டு வைத்தால் வீடு இருக்கிறது என்றாள்.

அவன் எழுதிப்போட்ட மனுவுக்கு கோபேயிலிருந்து பதில் வந்தது. வேலை கிடைத்துவிட்டது.

இருசப்பனுக்கு அம்மாவை நினைத்துத்தான் கவலை. குளிரைப் பற்றியோ காய்ச்சலைப் பற்றியோ அவளிடம் அவன் மூச்சு விடவில்லை. ஒரு வார்த்தை காதில் விழுந்தாலும் காலைக் கட்டிக்கொண்டு விடமாட்டாள். அவளோ முதலியார்பேட்டைத் தெருக்களில் மீன் விற்கிறவள். ரோசா வாயாலேயே கேட்டுவிட்டு வந்து நின்றால் என்ன செய்வது என்று தினமும் பயந்தான்.

புறப்படுகிற நாளும் வந்தது. சைகோன் வழியாகப் போகிற கப்பல் தூரத்தில் நங்கூரம் போட்டிருந்தது. ஆட்களைக் கப்பலுக்கு ஏற்றிப் போகிற படகு கடல்பாலத்து முனையில் காத்திருந்தது. குப்பமே வழியனுப்ப வந்திருந்தது. ரோசாவும் வந்து கூட்டத்துக்குப் பின்னால் ஒதுங்கி நின்றாள். யாரும் அவளோடு பேசவில்லை.

சின்னப்பொண்ணு அழவில்லை. முந்தானையால் மகன் முகத்தைத் துடைத்துவிட்டு, வேளாவேளைக்குச் சாப்பிடு என்று மட்டும் சொன்னாள்.

இருசப்பனுக்கு ஆச்சரியம். உள்ளுக்குள் கொஞ்சம் வருத்தம் கூட.

"நான் போறதுல உனக்கு ஒண்ணும் இல்லியாம்மா?"

"இல்லாம இருக்குமா? கடுதாசி வந்த அன்னிக்கே ரோசாம்மா வீட்டுக்கு ஓடினேன். எல்லாப் புள்ளைங்களையும் பயமுறுத்தறீங்களே, எம் புள்ளையையும் பயமுறுத்தி நிறுத்திடுங்கன்னு கையப் புடிச்சிக்கிட்டு அழுதேன்."

அதற்கு ரோசாம்மா என்ன சொன்னார்கள் என்று இருசப்பன் கேட்டான்.

"உக்கார வச்சுப் பொறுமையா சொன்னாங்கடா. அங்கயும் வாசல்லயே கடலாமே. குளிருன்னா நம்ம மார்கழி மாதிரிதானாம். ஒரு தலைவலின்னா கூட பக்கத்து வீட்டுல கஞ்சி வச்சு எடுத்தாந்துடுவாங்களாம். ஏழு வருஷத்துல ஒரு நாள் கூட அவங்க அழுததில்லையாம். அதக் கேட்டப்புறந்தான் எனக்குத் தூக்கமே வந்தது."

இருசப்பன் நிமிர்ந்து பார்த்தான். ரோசா முகத்தைக் கடல் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

படகுக்காரர் கூப்பிட்டார்.

"ஆமாம்மா" என்றான் இருசப்பன். "எங்கிட்டயும் அதேதான் சொன்னாங்க."