ஐம்பது மீட்டர் பலகை

சாமியா கண்ணை மூடிக்கொண்டு கட்டிலில் பைக் ஓட்டிக்கொண்டிருந்தாள்.

வலது கையில் சுருட்டிய துண்டு. அதுதான் ஆக்சிலேட்டர். இடது கையில் ஸ்டாப் வாட்ச். வலது கால் தொடையிலிருந்து கணுக்கால் வரை இரும்புக் கம்பிகளுக்கு நடுவே கிடந்தது.

கலைமதி அறை வாசலிலேயே நின்றாள். ஒரு சுற்று முடியும்வரை கூப்பிடக் கூடாது. நான்கு வருடம் அவளோடு ஒரே அணியில் ஓட்டியவளுக்கு அது தெரியும்.

ஆலங்குடியில் பஸ் ஏறியதிலிருந்து ஒரே ஒரு வாக்கியத்தை மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்திருந்தாள். அறந்தாங்கியில் பஸ் மாறியபோது அது முழுதாக இருந்தது. கோட்டைப்பட்டினத்தில் இறங்கியபோது பாதியைக் காணவில்லை.

அடுத்த வாரம் கலைமதி ஆசியப் போட்டிக்காக மலேசியா போகிறாள். அதற்குள் சொல்லிவிட வேண்டும். சொன்னால் அந்தப் பயணம் போய்விடும், அணியும் போய்விடும். அதற்குத் துணிந்துதான் வந்திருந்தாள்.

சற்று முன் தெருக்கதவைத் திறந்ததுமே சாமியாவின் அம்மா ராபியா அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

“முட்டி இனிமே மடங்காதுன்னு திருச்சில சொல்லிட்டாங்கம்மா. அவகிட்ட இன்னும் சொல்லல. நீயும் வாயத் தொறந்துறாத.”

மடங்காத முட்டியோடு ரேஸ் பைக்கில் உட்கார முடியாது. வீட்டு வண்டியில் பின்னால் உட்கார்ந்து போகலாம், அவ்வளவுதான்.

கட்டிலில் சாமியாவின் உடம்பு இடது பக்கம் சாய்ந்தது. மூன்றாவது வளைவு.

அணியில் இருவருக்கும் ஒரே மாதிரி பைக். ஒரே இன்ஜின், ஒரே டயர், ஒரே மெக்கானிக். வேறு அணிக்காரியிடம் தோற்றால் வண்டியைக் குறை சொல்லலாம். இவளிடம் தோற்றால் சொல்வதற்கு ஒன்றும் கிடையாது. ஒரே மாவட்டத்துப் பெண்கள் என்று பேப்பரில் சேர்த்து நிற்க வைத்துப் படம் போட்டார்கள். படத்தில் இருவரும் சிரித்தார்கள்.

தேசிய சாம்பியன்ஷிப்பின் கடைசிப் பந்தயத்துக்கு வந்தபோது சாமியா மூன்று பாயின்ட் முன்னால் இருந்தாள். பட்டம் வாங்குகிறவள் ஆசியப் போட்டிக்கு. மற்றவள் ஊருக்கு. அடுத்த வருடம் அணியில் ஓர் இடம்தான் என்று முதலாளி முன்பே சொல்லிவிட்டார்.

அணியில் ஒரு வழக்கம் இருந்தது. பந்தயத்துக்கு முந்தைய நாள் சாயங்காலம் இருவரும் டிராக் வரைபடத்தை மாற்றிக்கொள்வார்கள். எந்த வளைவில் எந்த இடத்தில் பிரேக் பிடிக்கிறேன் என்று ஒருத்தி படத்தில் மற்றவள் பென்சிலால் புள்ளி வைத்துத் தர வேண்டும். தாமதமாகப் பிடித்தால் நேரம் மிச்சம். யார் புது இடம் கண்டுபிடித்தாலும் அது அணிக்குச் சொந்தம்.

அந்தக் கடைசிப் பந்தயத்துக்கு முன்பும் மாற்றிக்கொண்டார்கள். மறுநாள் முதல் வளைவிலேயே சாமியா விழுந்தாள். நேராகப் போய் விழுந்தாள். ஒட்டினாற்போல் பின்னால் வந்த கலைமதி மட்டும்தான் முழுவதையும் பார்த்தாள்.

பட்டம் கலைமதிக்கு.

டக். ஸ்டாப் வாட்ச் நின்றது. சாமியா கண்ணைத் திறந்தாள்.

“வாடி சாம்பியன்! செருப்ப வெளிய விட்டியா? அம்மா இப்பத்தான் தொடச்சுச்சு.”

கலைமதி பிளாஸ்டிக் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள்.

“ஒன்கிட்ட ஒண்ணு சொல்லணும், சாமியா.”

“நான் மொதல்ல சொல்லிக்கிறேன்.”

சாமியா தலையணைக்கு அடியிலிருந்து ஒரு தாளை எடுத்து நெஞ்சின் மேல் விரித்தாள். மடிப்புகளில் கிழியத் தொடங்கியிருந்த டிராக் வரைபடம்.

“எல்லாரும் பிரேக் பெயிலான்னு கேக்குறாங்க. பிரேக்கெல்லாம் நல்லாத்தான் புடிச்சுச்சு. புதுசாக் கண்டுபிடிச்சேன்னு நீ புள்ளி வச்சுக் குடுத்தியே, அந்த எடத்துல புடிச்சுத் திரும்ப எனக்குத்தான் தெறமை பத்தல.”

நேர்ப்பாதை முடிகிற இடம். முதல் வளைவு. அதற்கு ஐம்பது மீட்டர் முன்னால் நிற்கும் பலகையின் பக்கத்தில் கலைமதி வைத்த சின்னப் புள்ளி.

“படுத்துக்கிட்டே ஒரு மாசமா ஓட்டுறேன். தெனமும் அங்கனயே விழுந்தேன்டி. இன்னைக்கி விழல.” ஸ்டாப் வாட்சைத் திருப்பிக் காட்டினாள். “பாரு. ஒன் ரெக்கார்டுக்கு அரை செகண்ட் கம்மி.”

கலைமதி பார்த்தாள். அரை செகண்ட் கம்மிதான்.

கையில் சர்பத் டம்ளரோடு ராபியா கதவோரம் வந்து நின்றிருந்தார். மகளுக்குத் தெரியாமல் கலைமதியைப் பார்த்து, வேண்டாம் என்று தலையை ஆட்டினார்.

வெளியே கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஏதோ லாரி கியர் குறைத்தது. பேச்சை விட்டுவிட்டு இருவரும் அதைக் கேட்டார்கள். நான்கு, மூன்று, இரண்டு.

“ரெண்டுக்கு லேட்டா மாத்துறான்,” என்று சாமியா சிரித்தாள். பிறகு ஒரு பென்சிலை நீட்டினாள்.

“பலகைக்கு முன்னாடியா, தாண்டியா? கரெக்டா வச்சுக் குடு. அடுத்த வருசம் நான் வேற அணியா இருந்தாலும் அங்கன ரெண்டு பேரும் சேந்து திரும்பணும்.”

கலைமதி பென்சிலை வாங்கினாள்.

முனை முதலில் நூறு மீட்டர் பலகைக்குப் போனது. எல்லோரும் பிரேக் பிடிக்கிற இடம் அதுதான். சாமியா விழுந்த அன்றைக்கும் கலைமதி அங்கேதான் பிடித்தாள். அதைத் தாண்டிப் பிடித்து அந்த வளைவில் அவள் ஒருநாளும் திரும்பியதில்லை.

அங்கே சற்று நேரம் நின்ற பென்சிலைக் கலைமதி நகர்த்தினாள். ஐம்பதில் இருந்த பழைய புள்ளியின் மேலேயே, இன்னும் நன்றாகத் தெரியும்படி, அழுத்தி வைத்தாள்.